மூன்றாம் நாள் வேண்டா

தேர்வு முடிந்ததும் தோழர்கள் கூடித் தீவுக்குப் புறப்படுவது நம் விடுதிகளில் ஒரு வழக்கமாகிவிட்டது. கொல்கத்தாவில் படிக்கும் நமக்கு அந்தமான் எட்டாத தொலைவன்று. கப்பலேறினால் மூன்று நான்கு நாளில் கரை காணலாம். காசுள்ளவர் விமானத்தில் இரண்டு மணி நேரத்தில் போய் இறங்கலாம். வரும் டிசம்பரில் நம் சங்கமே ஒரு குழுவை அழைத்துச் செல்லப்போவதாக அறிவிப்புப் பலகையில் கண்டேன். மகிழ்ச்சிதான். ஆனால் அந்த நிகழ்ச்சி நிரலில் மூன்றாம் நாளுக்கு நேரே ‘பாராடாங் குகைகள்’ என்று எழுதியிருக்கிறது. அந்த ஒரு வரியைப்பற்றித்தான் நான் பேச வேண்டும்.

இன்பச் செலவு என்றாலே முகஞ்சுளிக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவனல்லன் நான். சென்ற ஆண்டு அறுவர் போனோம். கப்பலில் பங்க் வகுப்பு. முதல் நாள் முழுதும் தலைசுற்றல். இரண்டாம் நாளிலிருந்து சீட்டாட்டமும் வம்பளப்பும். ஆளுக்கு இவ்வளவென்று பொதுப்பணம் போட்டு ஒருவனிடம் கொடுத்திருந்தோம். எங்களுள் ஒருவனுக்குக் கையில் பணமில்லை. அவன் பங்கை யார் போட்டார் என்று இன்றுவரை எவரும் கேட்டதில்லை, சொன்னதுமில்லை. ஹேவ்லாக் தீவின் ராதாநகர் கடற்கரையில் (2018-க்குப் பிறகு அதற்குப் பெயர் ஸ்வராஜ் தீவு) மாலை நான்கு மணிக்கு நீரில் இறங்கியவர்கள் இருட்டிய பிறகே கரையேறினோம். அங்கே இருட்டுவதும் விரைவு. ஐந்தரைக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். செல்லுலார் சிறையில் எஞ்சி நிற்கும் மூன்று பிரிவுகளையும் சுற்றி வந்தோம். ஏழு பிரிவுகளாக 1906-இல் கட்டி முடித்த கட்டடம் அது. அபர்தீன் பஜாரில் காதில் விழும் தமிழ் கேட்டு நெஞ்சு குளிர்ந்தது. அந்நகரின் பெயரை 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றியிருக்கிறார்களல்லவா? அதை வைத்துக்கொண்டு எங்கள் வரலாற்று மாணவன், ராஜேந்திர சோழன் ஸ்ரீவிஜயத்தின்மேல் கப்பற்படை செலுத்திய கதையை இட்டிலிக்கடையில் இருந்தவர்க்கெல்லாம் சொல்லித் தீர்த்தான்.

இவ்வளவும் நடந்த பிறகு வந்தது பாராடாங்.

வண்டி பேசவந்தவர் நல்ல தமிழில் சொன்னார்: “சுண்ணாம்புக் குகை இருக்கு, சேற்று எரிமலை இருக்கு. அதிர்ஷ்டம் இருந்தா வழியில காட்டு ஆளுங்களையும் பாக்கலாம்.” குகையைச் சொன்னபோது தாழ்ந்திருந்த குரல், ‘காட்டு ஆள்’ என்றபோது உயர்ந்தது. விற்பனைப் பொருள் எது என்பது அப்போதே எனக்கு விளங்கிவிட்டது.

நண்பர்களே, அந்தச் சாலை எத்தகையது என்பதை அறிந்துகொள்ளுங்கள். ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் விடியுமுன்னே வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். குறித்த நேரத்தில் காவலர் துணையுடன் அணியாக உள்ளே விடுவார்கள். வழியில் நிறுத்தக்கூடாது, படம் எடுக்கக்கூடாது, உணவு கொடுக்கக்கூடாது. ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தூரம் ஜாரவா மக்களின் காட்டைக் கிழித்துக்கொண்டு செல்கிறது அது. 2011 கணக்கெடுப்பின்படி அவர்கள் நானூறுக்கும் குறைவு. நம் ஒரு விடுதியில் இருப்போர் தொகைகூட அதைவிட மிகுதி! 1997 வரை வெளியாரை அம்பெய்து விலக்கி வந்தவர்கள். காட்டைவிட்டு வெளிவந்த இரண்டே ஆண்டில், 1999-இல், தட்டம்மை அவர்களிடையே பரவிற்று.

அந்நோய் அந்தத் தீவுகளுக்குப் புதிதன்று. ஆங்கிலேயர் 1858-இல் குடியேறியபோது பெரிய அந்தமானியர் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். நோயும் குடியேற்றமும் சேர்ந்து, 1961 கணக்கெடுப்பில் அவர்கள் 19 பேர். ‘போ’ என்னும் மொழியைப் பேசிய கடைசி மூதாட்டி போவா சீனியர் 2010 சனவரியில் காலமானார். மொழிக்காகச் சங்கம் வைத்திருக்கும் நமக்கு இச்செய்தி ஒரு பொருட்டாகத் தோன்ற வேண்டாமா?

காட்டினூடே செல்லும் அப்பகுதியை மூடவேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2002-இலேயே ஆணையிட்டது. மூடவில்லை. ஜாரவாப் பெண்களை உணவு காட்டி ஆடச்சொன்ன படக்காட்சி 2012-இல் வெளியாகி உலகமே நாணிற்று. மறு ஆண்டு சில வாரம் சுற்றுலா வண்டிகளை நீதிமன்றம் தடுத்தது. பிறகு மீண்டும் ஓடத் தொடங்கின.

எங்கள் அறையில் அன்றிரவு நடந்த வாதம் சிறிதன்று. “நாம் குகைக்குத்தானே போகிறோம், அவர்களைப் பார்க்கவா போகிறோம்?” என்றான் ஒருவன். அப்படியானால் காட்டைக் கடக்கும் நேரம் முழுதும் சன்னலுக்குத் திரைபோட்டுச் செல்ல ஒப்புவாயா என்றேன். சிரித்தான், விடை சொல்லவில்லை. “நூறு வண்டி போகிற இடத்தில் நம் வண்டி ஒன்றால் என்ன கெடும்?” என்றான் இன்னொருவன். அந்த நூறும் இப்படிச் சொல்லிக்கொண்டு வந்தவைதாமே!

வலுவான வாதம் ஒன்றும் எழுந்தது. அதை நான் தள்ளமாட்டேன். ரங்கட், மாயாபந்தர் ஊர்களில் வாழ்வோருக்கு அச்சாலை வேண்டும். பிரசவ வேதனையில் இருப்பவளைத் தலைநகர் மருத்துவமனைக்குக் கொண்டுவர வேறு விரைவான வழி எல்லா நாளும் கிடைக்காது. சாலையை இன்றே மூடு என்று கொல்கத்தாவில் உட்கார்ந்துகொண்டு சொல்வது எனக்கு எளிது. ஆயின் அவர்கள் தேவை வேறு, நம் பொழுதுபோக்கு வேறு. நோயாளி செல்லும் சாலையில் வேடிக்கை பார்க்கச் செல்பவனும் உரிமை கொண்டாடலாமா?

முடிவில் மூவர் சென்றனர், மூவர் நின்றோம். அந்தச் செலவைப் பொதுப்பணத்தில் எழுதக்கூடாதென்று நின்றவர்கள் பிடிவாதம் செய்தோம். ஒருவன் பங்கை யார் போட்டதென்று கேளாத அதே அறுவர், இதற்குப் பைசாக் கணக்குப் பார்த்தோம். சென்றவர்கள் இரவு திரும்பினர். குகையைப்பற்றி ஒருவன் இரண்டு சொல் சொன்னான். மற்றவன், “சாலையோரத்தில் ஒரு பையன் நின்றுகொண்டிருந்தான். எங்களையே பார்த்தான்” என்றான். அதற்குமேல் அவன் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. திரும்பும் கப்பலில் இரண்டாம் நாள்தான் சீட்டுக்கட்டு மறுபடி வெளியே வந்தது.

செயற்குழுவினருக்கு ஒன்று சொல்வேன். பாராடாங்கை நீக்கினால் அந்த நாள் வீணாகாது. வண்டூரில் படகேறி ஜாலி பாய் தீவுக்குச் செல்லலாம், பவளப்பாறைகளைக் காணலாம். பிளாஸ்டிக்கை அங்கே இறக்க விடமாட்டார்கள்; தண்ணீருக்கு வேறு பாத்திரம் கொண்டு போக வேண்டும், அவ்வளவே. மாலையில் சிடியா தாப்பு. அதிகாலையில் எழுந்து சோதனைச் சாவடியில் கொட்டாவிவிட வேண்டியதுமில்லை.

சனிக்கிழமைப் பொதுக்கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவருகிறேன். முன்மொழிவதற்கு நான் இருக்கிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். சென்ற ஆண்டு பாராடாங் சென்ற மூவருள் ஒருவனையே கேட்டிருக்கிறேன். இன்னும் விடை சொல்லவில்லை.