துப்பாக்கித் தொழிலும் கம்பெனி மாற்றமும்

நமது ராணுவத்துக்கு ஆயுதம் செய்துகொடுத்து வந்த 41 சர்க்கார் தொழிற்சாலைகள் 2021-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 1-ந் தேதி ஏழு கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டன. திருச்சிராப்பள்ளியில் 1966 முதல் நடந்துவரும் துப்பாக்கித் தொழிற்சாலை, கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்டு எக்விப்மெண்ட் இந்தியா என்னும் கம்பெனியின் கீழ் வந்தது. இலாகா நடத்திய தொழிலைக் கம்பெனி நடத்தினால் சரக்கின் தரம் உயரும் என்று சர்க்கார் சொன்னார்கள். தொழிலாளர் சங்கங்கள் எதிர்த்தன; வேலைநிறுத்தத்தைத் தடுக்க அவ்வாண்டு ஜூன் மாதத்தில் ஓர் அவசரச் சட்டமே பிறந்தது. இந்த வாதப் பிரதிவாதத்தின் இரைச்சலில் ஆதாரமான கேள்வி அமுங்கிப் போயிற்று. கெட்டுப்போன துப்பாக்கியின் தரம், உடைமை கைமாறுவதனால் மட்டும் மீண்டுவிடுமா?

இதைப் பற்றிப் பேசத் திருக்கடையூர்க்காரர்களாகிய நமக்கு என்ன பாத்தியதை என்று யாரேனும் கேட்கலாம். காவிரி திருச்சியைக் கடந்தே கடைமடையாகிய நம் பக்கத்துக்கு வருகிறது. மேலே மதகில் நேர்ந்த குற்றத்தைக் கடைமடைக்காரன் அனுபவிக்கிறான் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பட்டறையில் நேர்ந்த குற்றத்தை அனுபவிப்பவன் எல்லையில் நிற்கும் சிப்பாய். அவனே துப்பாக்கித் தொழிலின் கடைமடைக்காரன். அவனுக்குக் கருகுவது பயிரன்று, உயிர்.

1878-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்தால் இந்தியன் கையிலிருந்து ஆயுதத்தைப் பறித்தது அந்நிய ஆட்சி. சுதந்திர தேசம் தன் துப்பாக்கியைத் தானே செய்துகொள்ள வேண்டும் என்பது அதனால் நமக்குக் கௌரவப் பிரச்னையாயிற்று. புனாவில் வரையப்பட்டு, இஷாப்பூர், கான்பூர், திருச்சி ஆகிய இடங்களில் உருவான இன்ஸாஸ் ரைபிள் அந்த ஆசையின் குழந்தை. ஆனால் 1999-ம் ஆண்டு கார்கில் யுத்தத்தில், மலைக் குளிரில் அதன் தோட்டாப் பெட்டி விரிசல் கண்டதென்றும், மூன்று தோட்டாவோடு நிற்க வேண்டியது நில்லாமல் சுட்டதென்றும் முறையீடுகள் எழுந்தன. அவற்றில் சில பின்னர் திருத்தப்பட்டன என்றாலும் நம்பிக்கை முற்றும் திரும்பவில்லை. 2019-ல் அமெரிக்காவின் சிக் சாவர் கம்பெனியிடம் 72,400 ரைபிள்கள் வாங்க நேர்ந்தது. 2021-ல் ருஷியரோடு கூட்டாக, ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஏகே-203 ரைபிள்களை அமேதியில் செய்ய ஒப்பந்தமாயிற்று. சொந்தச் சரக்கில் நம்பிக்கை குறைந்தால் தேசத்தின் பணமும் மானமும் சேர்ந்தே வெளியேறும்.

இனி, உடைமை மாறிய துப்பாக்கித் தொழில் வேறிடத்தில் என்ன பாடுபட்டது என்று பார்ப்போம். அமெரிக்காவில் 1870-ல் ஜான் மார்லின் என்பவர் தொடங்கிய ரைபிள் பட்டறை, தலைமுறை தலைமுறையாக வேட்டைக்காரர்களின் மதிப்பைப் பெற்றிருந்தது. 2008-ம் ஆண்டின் தொடக்கத்தில் ரெமிங்டன் கம்பெனி அதை வாங்கிற்று. 2011-ல் கனெக்டிகட் மாகாணத்திலிருந்த பட்டறை மூடப்பட்டு, உற்பத்தி நியூயார்க் மாகாணத்து இலியன் ஊருக்குப் பெயர்க்கப்பட்டது. யந்திரங்கள் போயின, அந்த யந்திரங்களின் நோய் அறிந்த கைகள் போகவில்லை. விளைவு, கோணலாக நின்ற குறிமுள்ளும், இரும்போடு ஒட்டாத மரக்கட்டையும், இழுத்தால் சிக்கும் நெம்புகோலுமாகச் சரக்கு வெளிவந்தது. பெயர் பழைய பெயரே. முத்திரை பழைய முத்திரையே. வாங்கினவர்களோ இரண்டு கம்பெனிகளின் பெயரையும் ஒட்டவைத்துக் கேலிப் பெயர் சூட்டினார்கள்.

2020-ல் ரெமிங்டன் திவாலாயிற்று. ரூகர் என்னும் மற்றொரு கம்பெனி சுமார் 2 கோடியே 83 லட்சம் டாலர் கொடுத்து மார்லினை வாங்கிற்று. வாங்கிய மறுநாளே விற்பனைக்கு ஓடவில்லை. யந்திரங்களை வட கரோலினாவிலுள்ள தன் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய், பாகங்களின் வரைபடத்தைப் புதிதாகத் தீர்த்து, அளவுகளை நிச்சயித்து, ஓர் ஆண்டுக்கு மேல் காத்திருந்து, 2021 டிசம்பரில்தான் முதல் ரைபிளை வெளியே அனுப்பியது. அதன் பின் வந்த சரக்கைத் தேர்ந்தவர்கள் பெரும்பாலும் மெச்சினார்கள். ஒரே பெயரை ஒரு கைமாற்றம் கெடுத்தது. மற்றொரு கைமாற்றம் மீட்டது. இரண்டும் தனியார் கம்பெனிகளே. ஆகவே முதலாளி சர்க்காரா தனியாரா என்பதில் மட்டும் சூட்சுமம் இல்லை.

நம் மாகாணத்திலேயே இதற்கு நெருங்கிய உதாரணம் உண்டு. என்பீல்டு என்ற பெயரே இங்கிலாந்தின் துப்பாக்கித் தொழிற்சாலையிலிருந்து வந்தது; அதற்குப் பாகங்கள் செய்துகொடுத்த கம்பெனி பீரங்கியைச் சின்னமாக வைத்துக்கொண்டு, துப்பாக்கியைப் போல உறுதியானது என்று தன் மோட்டார் சைக்கிளை விளம்பரம் செய்தது. 1955 முதல் சென்னையில் அந்த வண்டி உருவாயிற்று. திருவொற்றியூரில் செய்த புல்லட் எவ்வளவு புகழ் பெற்றதோ, அவ்வளவு எண்ணெய்க் கசிவுக்கும் பெயர் பெற்றது. 1994-ல் ஐஷர் கம்பெனி அதை ஏற்றது. உடனே குணம் தெரிந்துவிடவில்லை. 2005-ல் தன் டிராக்டர் தொழிலை டாஃபே கம்பெனிக்கு விற்றுவிட்டு, ஐஷர் இத்தொழிலில் ஊன்றி நின்றது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் புது எஞ்சின் வந்தது. 2013-ல் ஒரகடத்தில் புதுத் தொழிற்சாலை எழுந்தது. கைமாறிய நாளிலிருந்து கணக்கிட்டால் ஏறக்குறைய பதினைந்து ஆண்டுப் பொறுமை அதில் அடங்கியிருக்கிறது.

பட்டா மாறினதால் மட்டும் நிலம் விளைந்துவிடாது. வாய்க்கால் தூர்வார வேண்டும். வரப்பைக் கட்ட வேண்டும். நிலத்தின் மேடுபள்ளம் தெரிந்த பண்ணையாளைப் பகைத்துக்கொள்ளக் கூடாது. நம் ஊர்ச் சன்னிதியில் அறுபதாம் கல்யாணம் செய்துகொள்ளத் தேசமெங்குமிருந்து தம்பதிகள் வருகிறார்கள். புதுத் தாலி ஏறுவதால் வயது குறைந்துவிடும் என்று அவர்களில் யாரும் நினைப்பதில்லை; எஞ்சிய நாட்களைச் செம்மையாக நடத்தும் சங்கல்பமே அதன் பொருள். அறுபது வயதை ஒட்டி நிற்கும் திருச்சித் தொழிற்சாலைக்குச் சூட்டிய புதுப்பெயரும் அத்தகைய சங்கல்பமாக இருந்தால்தான் பிரயோஜனம் உண்டு.

கம்பெனி மாற்றத்தில் ஒரு நன்மை இருப்பதை மறைக்கமாட்டோம். முன்பு இலாகா செய்ததை ராணுவம் எடுத்துக்கொண்டது, செலவானது விலையாயிற்று. இப்போது ஒப்பந்தம் உண்டு, தவணை உண்டு, வேண்டாமென்று சொல்லும் துணிவும் வாங்குகிறவனுக்கு வரக்கூடும். ஆனால் அதே கம்பெனி வருஷாந்தர லாபத்தைக் காட்டும் அவசரத்தில் பரிசோதகரைக் குறைத்து, முப்பது ஆண்டு கடைசல் யந்திரத்தோடு பழகியவரை வீட்டுக்கு அனுப்பி, அந்த இடத்தில் கூலிக்கு வந்த புதுக்கையை நிறுத்துமானால், மார்லினின் முதல் கதையே திருச்சியிலும் நடக்கும்.

ஆகையால் நாம் சர்க்காரைக் கேட்பவை மூன்று. தேர்ந்த பிட்டர் ஓய்வு பெறுமுன் அவர் கைப்பாடம் இளைஞனுக்குச் சேர வேண்டும். துப்பாக்கியைச் சோதித்துத் தள்ளும் அதிகாரம், அதை விற்பவன் கையில் இல்லாமல் வேறொருவனிடம் இருக்க வேண்டும். ஆண்டுதோறும் எத்தனை துப்பாக்கிகள் செய்யப்பட்டன என்று பெருமையோடு சொல்வதுபோலவே, எத்தனை தள்ளப்பட்டன, ஏன் தள்ளப்பட்டன என்பதையும் பார்லிமெண்டில் சொல்ல வேண்டும். சங்கங்களுக்கும் ஒன்று சொல்வோம்: வேலையைக் காப்பதோடு வேலைத் திறத்தைக் காப்பதும் உங்கள் கொடியின் கடமை.

இவை நடந்தால் தரம் மீளும்; மீளும் என்பதற்கு மார்லினும் புல்லட்டும் சாட்சி. நடவாவிட்டால், ஏழு கம்பெனிகளை எழுபது கம்பெனிகளாக்கினாலும் பலன் இல்லை. விசையை அழுத்தும் வேளையில் சிப்பாய் ஷேர் பத்திரத்தைப் பார்ப்பதில்லை. தோட்டா புறப்படுகிறதா என்பதொன்றே அவன் அறிய வேண்டியது. அதற்கு ஜவாப் சொல்ல வேண்டியவர்கள் நாம் எல்லோரும்.