பூட்டு நம்முடையது, திறவுகோல் யாருடையது?

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஐக்கிய அமெரிக்காவின் லொஸ் அலமொஸ் என்னும் இடத்திலே அணுகுண்டு உருவாகியது. அங்கே எண்களைச் சுழற்றித் திறக்கும் பெட்டகங்கள் பல இருந்தன. ஒருமுறை, மேலதிகாரி ஒருவரின் பெட்டகத்தைப் பூட்டுத் தொழிலாளி ஒருவர் எளிதிலே திறந்துவிட்டார். அவ்வித்தையை அறிய அவாவினார் பௌதிகவியல் அறிஞர் றிச்சர்ட் ஃபைன்மன். வித்தை எதுவுமில்லை, தொழிற்சாலையில் இடப்பட்ட எண்களையே தொழிலாளி இட்டுப் பார்த்திருந்தார். அவ்வெண்களைக் கொண்டு ஃபைன்மன் அக்கட்டடத்துப் பெட்டகங்களைச் சோதித்தபோது ஐந்தில் ஒன்று திறந்துகொண்டதாம்.

பூட்டிலே பழுதில்லை. பூட்டை வாங்கியோர் எண்ணை மாற்றாமையே பழுது.

இப்பழுது இன்று நம் இல்லங்களிலும் உண்டு. வீட்டுக்கு இணையத்தைக் கொணரும் 'ரவுட்டர்' என்னும் பெட்டிக்குக் கடவுச்சொற்கள் இரண்டு. ஒன்று வைஃபை இணைப்புக்குரியது. அதனை விருந்தினரும் கேட்டுப் பெறுவர். மற்றையது பெட்டியையே ஆளும் நிருவாகக் கடவுச்சொல். முன்னையதை மாற்றிவிட்டு, எல்லாம் முடிந்ததென இருந்துவிடுவோர் பலர். பின்னையதோ 'அட்மின்' என்றோ '1234' என்றோ தொழிற்சாலையில் இட்டபடியே கிடத்தல் கூடும். இவை கைந்நூல்களில் அச்சாகி உலகறிந்த சொற்கள். பெட்டியைக் கைப்பற்றியவன், வங்கியின் தளத்தை நாடுவோரைப் போலித் தளத்துக்குத் திருப்பவும் வல்லவனாவான்.

"எம் வீட்டில் திருட என்ன இருக்கிறது?" எனச் சிலர் வினவுவர். அதற்கு விடை 2016ஆம் ஆண்டிலே கிடைத்தது. 'மிராய்' என்னும் தீய நிரல் ஒன்று இணையமெங்கும் அலைந்து கமராக்கள், ரவுட்டர்கள் முதலியவற்றின் கதவைத் தட்டியது. அதன் கையில் இருந்தவை அறுபது சொச்சம் பெயர்களும் கடவுச்சொற்களுமே. அவற்றைக் கொண்டே அது பல இலட்சம் கருவிகளை அடிமைகொண்டது. ஒக்டோபர் 21ஆம் நாள், அவ்வாறு அடிமையான கருவிகள் அமெரிக்காவின் டைன் நிறுவனத்தை ஒருங்கே தாக்கின. இணைய முகவரிகளைத் தேடித்தருவது அந்நிறுவனத்தின் பணி. அது திணறவே, டுவிட்டர், நெட்பிளிக்ஸ் முதலிய தளங்கள் பலருக்கு எட்டாதவையாயின. நிரலை ஆக்கிய மூவரும் இருபது வயதை அண்டிய இளைஞர். 2017இல் நீதிமன்றத்திலே குற்றத்தை ஒப்புக்கொண்டனர்.

கருவிகளுக்கு உரியோரோ எதையும் அறிந்திலர். அவர்தம் பொருள் களவு போகவில்லை. அவர்தம் வீட்டிலிருந்தே பிறர்மீது கல்லெறியப்பட்டது. நமது அசட்டை நம்மோடு நின்றுவிடுவதில்லை என்பதே இதன் பாடம். கருவியை நிறுத்தி மீள இயக்கினால் மிராய் அகன்றுவிடும். ஆயினும், பழைய கடவுச்சொல்லே இருப்பின் சில நிமிடங்களில் மீண்டும் புகுந்துவிடும்.

பிறர்க்கு உபதேசிக்கப் புகுமுன் என் வீட்டுப் பெட்டியைச் சோதித்தேன். வகுப்பிலே மாணவரை எச்சரிக்கும் ஆசிரியனின் பெட்டியும் நான்கு ஆண்டுகளாக 'அட்மின்' ஆகவே இருந்தது! நாணினேன். மாற்றுதற்குப் பத்து நிமிடமே சென்றது.

செய்யவேண்டியது இதுவே: பெட்டியின் அடியில் ஒட்டிய சிட்டையிலுள்ள முகவரியை உலாவியில் இட்டு, நிருவாகப் பக்கத்துட் சென்று, நீண்ட புதுக் கடவுச்சொல்லை இடுக. பிறந்த திகதியும் பிள்ளையின் பெயரும் வேண்டா; ஒன்றோடொன்று தொடர்பற்ற நாலைந்து சொற்களைக் கோத்தல் நன்று. அதனைக் குறிப்பேட்டில் எழுதி வீட்டினுள் பத்திரப்படுத்தலாம். வெளியிலிருந்து பெட்டியை நிருவகிக்கும் வசதி திறந்திருப்பின் அதனை மூடுக. கமராவுக்கும் கடவுச்சொல்லை மாற்றுக. பெட்டியைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டால் பழைய சொல்லும் மீளும் என்பதை மறவற்க.

கருவிகள் யாவற்றுக்கும் ஒரே கடவுச்சொல்லை இட்டு விற்பதைப் பிரித்தானியா 2024 ஏப்பிரல் 29 முதல் சட்டத்தால் தடுத்துள்ளது. நன்றே. ஆயின், நம் வீட்டு அலுமாரியின்மேல் ஏலவே இருக்கும் பெட்டியை எச்சட்டமும் வந்து மாற்றப்போவதில்லை. இன்று ஞாயிறு, பிள்ளைகளையும் அருகிருத்தி அப்பத்து நிமிட வேலையைச் செய்து முடிப்போமாக.