‘இன்னைக்கு யாரு பாடு?’ - பழவேற்காடு ஏரியில் சீட்டுக் குலுக்கி வலை கட்டும் மீனவர்கள்!

பொழுது சாயும் நேரம். வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கரைக்கு வருபவரைப் பார்த்து, எதிரில் வருபவர் கேட்பார்: ‘‘மாமா, இன்னைக்கு யாரு பாடு?’’

வெளியூர்க்காரர்களுக்கு இந்தக் கேள்வி சட்டென்று புரியாது. ‘பாடு’ என்றால் நமக்குக் கஷ்டம். ‘படாதபாடு பட்டேன்’ என்போம். கடற்கரையில் அந்தச் சொல்லுக்கு இன்னும் சில அர்த்தங்கள் உண்டு. வலையில் விழும் மீனுக்கு ‘மீன்பாடு’ என்று பெயர். பழவேற்காடு ஏரியிலோ, வலை கட்டும் இடமும் பாடுதான். அங்கே வலை கட்டக் கிடைக்கும் முறையும் பாடுதான்.

அந்த முறை யாருக்கு என்பதை, முந்தி வந்தவர் முடிவு செய்வதில்லை. பெரிய படகு வைத்திருப்பவரும் முடிவு செய்வதில்லை. சீட்டுதான் முடிவு செய்கிறது.

இடுப்பளவுத் தண்ணீரில் அவசரம் ஆகாது!

சென்னைக்கு வடக்கே, பொன்னேரியைத் தாண்டினால் பழவேற்காடு. டச்சுக்காரர்கள் 1613-ல் கெல்டிரியா கோட்டையைக் கட்டி வியாபாரம் செய்த ஊர். இங்குள்ள ஏரி, இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இரண்டாவது பெரியது. சுமார் 60 கிலோமீட்டர் நீளம். பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது, தென்பகுதி தமிழ்நாட்டில். ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே நீளமாகக் கிடக்கும் நிலத்தில்தான் ராக்கெட் விடும் ஸ்ரீஹரிகோட்டா இருக்கிறது.

இவ்வளவு பெரிய ஏரியின் சராசரி ஆழம் எவ்வளவு தெரியுமா? சுமார் 1 மீட்டர். பல இடங்களில் இறங்கி நின்றால் இடுப்பளவுதான்.

இங்கே மீன்பிடிக்கும் விதத்தைத் தீர்மானிப்பது இந்த ஆழம்தான். எஞ்சினை வேகமாக ஓட்டினால் அதன் விசிறி சேற்றில் இடிக்கும். அடிச்சேறு கலங்கி மேலே வரும். மீன் மிரண்டு ஓடும். அதிலும் மடவை மீனுக்குச் சின்னச் சத்தமே போதும். தண்ணீருக்கு மேலே எகிறி வலையைத் தாண்டி அந்தப் பக்கம் விழுந்துவிடும். அதனால், ஆழம் குறைந்த இடங்களில் நீளமான கம்பைத் தரையில் ஊன்றி, படகை மெதுவாகத் தள்ளிக்கொண்டு போவார்கள். மீனைத் துரத்திப் பிடிக்கிற இடமல்ல இது. மீன் வரும் வழி தெரிந்து, அங்கே போய்க் காத்திருக்க வேண்டும்.

இறாலின் இரவுப் பயணம்

அந்த வழியை அறிய, இறாலின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வெள்ளை இறால் கடலில்தான் முட்டையிடும். ஒரு தாய் இறால் லட்சக்கணக்கில் முட்டையிடும். குஞ்சுகள் அங்கேயே பெரிதாவதில்லை. கடல்நீர் ஏரிக்குள் ஏறும்போது, அதனுடன் சேர்ந்து முகத்துவாரம் வழியாக உள்ளே வந்துவிடும். ஆறுகளின் நன்னீரும் கடலின் உப்புநீரும் கலக்கும் ஏரியில் இரை அதிகம், பெரிய மீன்களின் தொல்லை குறைவு. சில மாதங்கள் இங்கே வளர்ந்துவிட்டு, முட்டையிடும் பருவம் நெருங்கும்போது மறுபடியும் கடலுக்குக் கிளம்பும். பெரும்பாலும் இருட்டில், தண்ணீர் வற்றிக் கடலை நோக்கி ஓடும் நேரத்தில் அந்தப் பயணம் நடக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் நீரோட்டம் பலமாக இருக்கும்.

இப்போது கணக்கு எளிது. இரவு நேரத்தில், நீர் வற்றும்போது, முகத்துவாரத்துக்குப் போகும் வழியில் வலை கட்டினால் இறால் தானே வந்து விழும். தரையில் கம்புகளை வரிசையாக நட்டு, நீரோட்டத்தை மறித்துக் கட்டும் இந்த வலைக்கு ‘சுத்து வலை’ என்று பெயர். வலையை யாரும் இழுப்பதில்லை, நகர்த்துவதில்லை. தண்ணீர்தான் நகர்கிறது, வலை நிற்கிறது.

சிக்கல் அதற்குப் பிறகுதான் வருகிறது. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் வலை கட்டுபவருக்கு அள்ள அள்ள இறால். தள்ளிக் கட்டுபவருக்குக் கொஞ்சம்தான். எல்லோரும் நல்ல இடத்துக்கே போட்டி போட்டால், ஒருவர் வலைக்கு முன்னால் இன்னொருவர் வலை நிற்கும். அடுத்து நடப்பது அடிதடிதான்.

சீட்டு சொன்னால் சரி!

இதற்கு மீனவர்களே கண்டுபிடித்த தீர்வுதான் பாடு முறை. ஏரியின் தென்பகுதியில் கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய மூன்று ஊர்களின் மீனவர்கள் தலைமுறைகளாக இதைக் கடைப்பிடித்து வருகிறார்கள். பாடுகள் எவை எவை என்பது ஊருக்கே தெரியும். ஊர்க் கணக்கில் இருக்கும் தலைக்கட்டுகளுக்கு உரிமை உண்டு. சீட்டுக் குலுக்கி வரிசை போடுவார்கள். அந்த வரிசைப்படி இடம் சுற்றிச் சுற்றி வரும். இன்று சுமாரான இடத்தில் நிற்பவருக்கு இன்னொரு நாள் நல்ல இடம் கிடைக்கும். யாராவது மீறினால் ஊர்ப் பஞ்சாயத்து கேட்கும்.

ஐக்கிய நாடுகள் சபையின் உணவு, விவசாய அமைப்பு 1991-லேயே இந்த ஏரியின் மரபான மீன்பிடி உரிமைகளைப் பற்றித் தனியாக ஓர் ஆய்வை வெளியிட்டிருக்கிறது.

உலகில் வேறு இடங்களிலும் இப்படி உண்டு. இலங்கையின் நீர்கொழும்பு களப்பில் நான்கு மீனவர் சங்கங்கள் இதேபோலச் சீட்டுப் போட்டு, இறாலுக்கு வலை கட்டுகின்றன. துருக்கியின் அலன்யா ஊரில் செப்டம்பர் மாதம் சீட்டுக் குலுக்குவார்கள். அதன்பின் ஜனவரி வரை ஒவ்வொரு படகும் தினமும் ஓர் இடம் கிழக்கே நகரும். பிறகு மே வரை தினமும் ஓர் இடம் மேற்கே நகரும். எல்லோருக்கும் எல்லா இடமும் கிடைத்துவிடும். பொதுச் சொத்தை மக்களே விதி போட்டுக் காப்பாற்ற முடியும் என்பதற்கு உதாரணமாக, அலன்யாவைத் தன் புத்தகத்தில் எழுதினார் எலினோர் ஆஸ்ட்ரம். 2009-ல் பொருளாதார நோபல் பரிசு பெற்றவர். அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண்ணும் அவர்தான்.

சீட்டில் பெயர் இல்லாதவர்கள்

பாடு முறையில் குறையே இல்லையா? இருக்கிறது.

தலைக்கட்டுக் கணக்கு ஊரையும் சமூகத்தையும் ஒட்டியது. அதற்கு வெளியே இருப்பவர்களின் பெயர் சீட்டில் ஏறாது. ஏரியை நம்பி வாழ்பவர்கள் இந்த மூன்று ஊர்க்காரர்கள் மட்டுமல்லவே? இருளர் குடும்பங்கள் ஏரியில் இறங்கி, சேற்றைக் கைகளால் தடவித் தடவி இறால் பிடிக்கிறார்கள். பனையோலைப் பறியைப் பல்லில் கடித்தபடி, கழுத்தளவு தண்ணீரில் மணிக்கணக்கில் இருக்கும் பெண்களை இங்கே பார்க்கலாம். படகில்லை, வலையில்லை, பாடும் இல்லை. மீன்பிடிக்க வருபவர்கள் பெருகப் பெருக, ‘ஏரி எல்லோருக்கும் பொதுதானே?’ என்ற கேள்வியும், அதை ஒட்டிய தகராறுகளும் வந்தன. மூன்று ஊருக்குள் நியாயமாக இருக்கும் ஒரு முறை, நான்காவது ஊருக்கு எப்படித் தெரியும் என்பதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

மணல் மூடினால்..?

சீட்டால் முடியாத இன்னொரு விஷயமும் இருக்கிறது. அது இருக்கும் தண்ணீரைத்தான் பங்கு பிரிக்கும். தண்ணீரையே கொண்டுவராது.

வடகிழக்குப் பருவமழையில் ஆறுகள் பெருகி வரும்போது முகத்துவாரம் அகலமாகத் திறக்கும். கோடையில் கடல் கொண்டுவரும் மணல் குவிந்து வாய் குறுகும். சில சமயம் மூடியே போகும். அப்போது இறால் குஞ்சுகள் உள்ளே வர முடியாது. வளர்ந்தவை வெளியே போகவும் முடியாது. வெயிலில் நீர் சுண்டி உப்பு ஏறும். ஏரி வழியாகக் கடலுக்குப் போகும் படகுகளும் தரைதட்டும். பல முறை மீனவர்களே ஒன்றுகூடி மணலைத் தோண்டி வழி விட்டிருக்கிறார்கள். வாயை நிரந்தரமாகத் திறந்து வைக்க, கற்களைக் கொட்டித் தடுப்புச் சுவர் கட்டும் திட்டத்தை அரசு கையில் எடுத்ததும் அவர்களின் நீண்ட நாள் கோரிக்கையால்தான்.

மார்க்கெட்டில் இறால் வாங்கும்போது விலை கேட்கிறோம், பேரம் பேசுகிறோம். அது கடலுக்கும் ஏரிக்கும் இடையே ஒரு குறுகிய வாசலை இரண்டு முறை தாண்டவேண்டிய உயிர் என்பது நமக்குத் தோன்றுவதில்லை.

அந்த வாசல் திறந்திருக்கும் வரைதான் குப்பத்தில் ‘இன்னைக்கு யாரு பாடு?’ என்ற கேள்விக்கு ஒருவர் பெயரைச் சொல்ல முடியும். மூடிவிட்டால் சீட்டே தேவையில்லை. அன்று எல்லோருக்குமே பாடுதான்!