நர்சிங் விண்ணப்பத்துக்கு முன் 15 நாள்

கை சுட்டுவிட்டால் பேனா மையைத் தடவு, பற்பசையைப் பூசு, தோசை மாவை அப்பு. பட்டாசு மருந்தும் நெருப்பும் அன்றாடம் புழங்கும் சிவகாசி வட்டாரத்திலும் இந்தக் கைவைத்தியம் ஒழிந்தபாடில்லை. சுட்ட இடத்தை 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்ட வேண்டும். மையோ மாவோ பூசக் கூடாது. நர்சிங் படிக்கக் கிளம்பும் பிள்ளைக்காவது இது கல்லூரி வாசலை மிதிக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் பி.எஸ்ஸி. நர்சிங் இடம் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துக் கிடைக்கிறது. உயிரியலில் எவ்வளவு, வேதியியலில் எவ்வளவு என்று கட் ஆஃப் கூட்டிப் பார்க்கிறோம். வார்டுக்குள் ஒரு பகல் நின்றிருக்கிறாயா என்று யாரும் கேட்பதில்லை. பட்டாசு ஆபீஸ் வேலை தன்னோடு போகட்டும் என்று கடன் வாங்கி மகளை நர்சிங் சேர்க்கும் தாய்க்கு, அந்தக் கேள்வி நான்கு வருடப் படிப்பின் நடுவில் வந்தால் தாங்காது.

அதற்கு முன்பே அந்தப் பிள்ளை தீக்காய வார்டில் கட்டு மாற்றுவதை ஒரு காலைப் பொழுது பார்க்கட்டும். புண்ணோடு ஒட்டிக் கிடக்கும் காஸ் துணியைச் சலைன் விட்டு ஊறவைத்து, ஓரத்திலிருந்து இம்மி இம்மியாகப் பிரிக்கிறார் நர்ஸ். அவசரப்பட்டால் புதுத் தோலும் சேர்ந்து உரிந்துவிடும். படுத்திருக்கும் பெண் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருக்கிறார். அடுத்த கட்டிலில், சிறுநீர்ப் பையில் மணிக்கு எத்தனை மில்லி இறங்கியது என்று குறிக்கிறார்கள். ஏற்றும் திரவம் போதுமா என்று டாக்டர் முடிவெடுப்பது அந்த எண்ணைப் பார்த்துத்தான். முதல் நாள் தலைசுற்றி உட்கார்ந்துவிடும் பிள்ளையும் நல்ல நர்சாகலாம். ஆனால் தலைசுற்றும் என்பது பணம் கட்டுமுன் தெரிவது நல்லது.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து 38 பேர் மாண்டார்கள். முதல் வெடிச்சத்தம் கேட்டு ஓடிவந்த ஊர்க்காரர்களும் அடுத்த வெடிப்பில் சிக்கினார்கள். 2021 பிப்ரவரியில் அச்சங்குளம், 2023 அக்டோபரில் ரெங்கபாளையம். தீக்காயம் பார்க்கத் தெரிந்த கைகள் வேறெந்த மாவட்டத்தைவிடவும் எங்கள் விருதுநகர் மாவட்டத்துக்குத் தேவை.

ஆகவே, பிளஸ் டூ தேர்வுக்கும் கவுன்சிலிங்குக்கும் இடையில் கிடைக்கும் கோடையில், நர்சிங் விரும்பும் பிள்ளைகளுக்குச் சிவகாசி அரசு மருத்துவமனையிலும், 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையிலும் 15 நாள் பார்வைப் பயிற்சி தர வேண்டும். பார்த்துப் படித்துவிட்டு இறங்குவது இந்த ஊருக்குப் புதிதல்ல. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்த பிறகே இங்கே தீப்பெட்டி ஆபீஸ் தொடங்கினார்கள்.

பிரிட்டனில் ஒரு மருத்துவமனையில் நோயாளிகள் கவனிப்பாரற்றுக் கிடந்ததைப் பிரான்சிஸ் அறிக்கை 2013 பிப்ரவரியில் வெளிச்சமிட்டது. அதே ஆண்டு, நர்சிங் படிப்புக்கு முன் ஓராண்டு வரை உதவியாளராக இருந்து பார்க்கும் சோதனைத் திட்டத்தைத் தொடங்கினார்கள். ஓராண்டு நம் வீடுகளுக்குக் கட்டுப்படியாகாது. 15 நாள் ஆகும்.

பிள்ளைகளைக் கூலியில்லாத வேலையாட்களாக்கிவிடுவார்களே என்ற அச்சம் நியாயமானது. அதனால்தான் இது அரசு மருத்துவமனையில், ஒரு மூத்த நர்ஸின் பொறுப்பில் நடக்க வேண்டும். ஊசியைத் தொடக் கூடாது. செல்போன் வெளியிலேயே இருக்க வேண்டும். நோயாளி வேண்டாமென்றால் விலகிவிட வேண்டும். தீக்காய வார்டில் ஆள் சேர்ந்தால் கிருமி சேரும்; ஒரு நேரத்தில் இருவருக்கு மேல் நிற்கக் கூடாது. துணி மடிக்கலாம், நோயாளிக்குக் கஞ்சி ஊட்டலாம், சொல்லத் தெரியாமல் தவிக்கும் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் பேசுவதைக் கேட்கலாம்.

செலவென்று பெரிதாக ஒன்றுமில்லை. சாதாரண அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. மதியச் சாப்பாடு தந்தால் போதும். கலெக்டரும் முதன்மைக் கல்வி அலுவலரும் மருத்துவமனை அதிகாரிகளும் இந்த டிசம்பருக்குள் கூடிப் பேசி, பள்ளிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பட்டும். வரும் ஏப்ரலில் முதல் இரண்டு பிள்ளைகள் தீக்காய வார்டு வாசலில் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டிருக்க வேண்டும்.