சாம்பல் கல்லுக்கு ஓர் எண் வேண்டும்

அனல் மின் நிலையங்கள் வெளியேற்றும் சாம்பல் முழுவதையும் பயன்படுத்தியே தீர வேண்டும் என்று ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2021 டிசம்பர் 31 அன்று அறிவிக்கை வெளியிட்டது. நிலையத்தைச் சுற்றி 300 கிலோமீட்டருக்குள் கட்டடம் எழுப்புவோர், விலை கூடுதலாக இல்லாதவரை, சாம்பல் கலந்த பொருள்களையே வாங்க வேண்டும் என்பதும் அதில் அடக்கம். எண்ணூர், மேட்டூர், நெய்வேலி, தூத்துக்குடி ஆகிய ஊர்களை மையமாக வைத்து வட்டம் போட்டுப் பாருங்கள். அநேகமாகத் தமிழ்நாடு முழுவதும் உள்ளே வந்துவிடும். வயலின் மேல்மண்ணைச் சுரண்டிச் சூளையில் வேகவைப்பதைவிட ஃபிளை ஆஷ் கல் எவ்வளவோ மேல். ஆணையை வரவேற்கிறோம். ஆனால், சட்டம் போட்டு வீட்டுக்குள் அனுப்பும் பொருளில் இயற்கைக் கதிரியக்கம் எவ்வளவு என்பதை வாங்குபவருக்குச் சொல்லும் கடமையும் அரசுக்கு உண்டு.

பூமியிலிருந்து தோண்டி எடுக்கும் எதிலும் போலவே நிலக்கரியிலும் யுரேனியமும் தோரியமும் அவற்றின் வழிவந்த ரேடியமும் சிறிதளவு உண்டு. எரியும்போது கார்பன் புகையாகப் போய்விடும். இவற்றில் பெரும்பகுதி சாம்பலில் தங்கிவிடும். கணக்கு எளிது. கிலோவுக்கு 20 பெக்கரல் ரேடியம் உள்ள நிலக்கரி என்று வைத்துக்கொள்வோம். பெக்கரல் என்றால் நொடிக்கு ஓர் அணு சிதைகிறது என்று பொருள். அந்தக் கரியில் 40 விழுக்காடு சாம்பல் என்றால், சாம்பலில் கிலோவுக்கு 50 பெக்கரல். சாம்பல் 5 விழுக்காடுதான் என்றால் 400! ஒடிசாவின் தால்ச்சர் கரி சாம்பல் மிகுந்தது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியும் இந்தோனேசியாவிலிருந்து கப்பலில் வரும் கரியும் சாம்பல் குறைந்தவை. சாம்பல் மிகுந்த மட்டமான கரி என்று நாம் குறைபட்டுக்கொள்வது இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நமக்கு அனுகூலம். மூலக் கரியில் உள்ள அளவும் சுரங்கத்துக்குச் சுரங்கம் வேறுபடும். எந்தக் கரியை எதோடு கலந்து எரிக்கிறார்கள் என்பது மாறிக்கொண்டே இருக்கையில், என்றோ ஒருமுறை எடுத்த ஆய்வைக் காட்டி ‘எல்லாம் பத்திரம்’ என்பது எப்படிச் செல்லும்?

இதற்காகக் கல்லைக் கண்டு யாரும் அஞ்ச வேண்டியதில்லை. இந்தியச் சாம்பலில் இதுவரை அளந்தவை பெரும்பாலும் சாதாரண மண்ணைவிடச் சில மடங்குக்குள்தான். நாம் ஆசையாகத் தரையில் பதிக்கும் கிரானைட் சிலவற்றிலும் அந்த அளவு உண்டு. ‘அணுக்கழிவைவிடச் சாம்பலில் கதிரியக்கம் அதிகம்’ என்று அவ்வப்போது ஒரு செய்தி சுற்றுகிறது. அதற்கு வேர் 1978இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஓக் ரிட்ஜ் ஆய்வகக் கட்டுரை. இயல்பாக இயங்கும் நிலக்கரி, அணு மின் நிலையங்கள் இரண்டும் காற்றில் விடும் கதிரியக்கத்தை மட்டுமே அது ஒப்பிட்டது. அணுஉலையின் எரிந்த எரிபொருளோடு சாம்பலை ஒப்பிடுவது அபத்தம். அந்தப் புரட்டைச் சொல்லிச் சூளைச் செங்கல் விற்க நினைப்பவர்களுக்கு இந்தத் தலையங்கம் துணைபோகாது.

சராசரி குறைவு என்பதால் அளக்கவே வேண்டாம் என்ற வாதத்தையும் ஏற்பதற்கில்லை. ஹங்கேரியில் அய்க்கா என்றொரு ஊர். 2010இல் அலுமினா ஆலையின் சிவப்புச் சேற்று அணை உடைந்து உலகச் செய்தியானதே, அதே ஊர். அந்த வட்டாரத்து நிலக்கரியில் யுரேனியம் அதிகம். எரித்து மிஞ்சிய கசடு சும்மா கிடைக்கிறது, குளிரையும் தடுக்கிறது என்று வீடுகளின் தரைக்கடியிலும் தளங்களுக்கு நடுவிலும் கொட்டி நிரப்பினார்கள். பின்னாளில் அளந்தபோது அந்தக் கசடில் ரேடியம் கிலோவுக்கு ஆயிரம் பெக்கரலைத் தாண்டியிருந்தது. குடும்பங்கள் அதன்மேல்தான் படுத்து எழுந்துகொண்டிருந்தன. ஸ்வீடனிலும் யுரேனியம் செறிந்த களிப்பாறையைச் சுட்டுச் செய்த ‘நீலக் கான்கிரீட்’ கற்களால் லட்சக்கணக்கான வீடுகள் எழும்பிய பிறகே, 1975இல் உற்பத்தி நின்றது. கட்டிய சுவரை யார் இடிப்பது? காற்றோட்டத்தைக் கூட்டி, சுவரிலிருந்து கசியும் கதிரியக்க ரேடான் வாயுவை வெளியேற்றும் வேலை அங்கே இன்றும் நடக்கிறது.

அளப்பதற்கு நாம் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் ஒரு குறியீட்டைச் சட்டமாக்கியது. கிலோவுக்கு இத்தனை பெக்கரல் என்ற கணக்கில் ரேடியத்தை 300ஆலும் தோரியத்தை 200ஆலும் பொட்டாசியம்-40ஐ 3000ஆலும் வகுத்துக் கூட்ட வேண்டும். விடை ஒன்றைத் தாண்டினால், அந்தப் பொருள் வீட்டில் ஆண்டுக்கு ஒரு மில்லிசீவர்ட்டுக்கு மேல் கதிர்வீச்சைத் தருமா என்று தனியே ஆராய வேண்டும். உலகச் சராசரி மண்ணுக்கு விடை ஏறக்குறைய 0.4. நம் சாம்பல் கல்லுக்கு எவ்வளவு? கடையில் கேட்டால் தெரியாது, மேஸ்திரிக்கும் தெரியாது, லாரியோடு வரும் பில்லில் கல்லின் எண்ணிக்கையும் ஜிஎஸ்டியும்தான் இருக்கும்.

கல்லாக இறுகிய சாம்பலைவிடக் காற்றில் பறக்கும் சாம்பல் கொடியது. ஈயம்-210, பொலோனியம்-210 இரண்டும் உலைச் சூட்டில் ஆவியாகி, புகை ஆறும்போது மிக நுண்ணிய துகள்கள் மேல் படிகின்றன. நுரையீரலின் அடிவரை போவது அந்தத் துகள்களே. எண்ணூர்ப் பக்கம் செப்பாக்கத்தில் சாம்பல் குளத்தை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கும், கல் அறுக்கும் கூடங்களில் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு வேலை செய்பவர்களுக்கும் சிலிக்காவும் ஆர்செனிக்கும் இதைவிடப் பெரிய ஆபத்து என்பதில் ஐயமில்லை. அதற்காக, கதிரியக்கத்தைக் கணக்கிலேயே சேர்க்காமல் விடுவதா?

செலவைக் காரணம் காட்டுவார்கள். ஆண்டுக்கு 30 கோடி டன்னுக்கு மேல் சாம்பல் தள்ளும் தொழிலுக்கு, நிலையம் ஒன்றுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கதிரியக்கத்தை அளக்கும் காமா நிறமாலைச் சோதனை செய்வது ஒரு செலவே அல்ல. கரிக் கலவை மாறும்போதெல்லாம் சோதனை கட்டாயம். முடிவை மின் நிலையம் பொதுவெளியில் வைக்க வேண்டும். அந்தச் சாம்பலை வாங்கும் கல் கூடம் குறியீட்டைப் பில்லில் அச்சிட வேண்டும். சிமெண்ட் மூட்டையில் எந்த வாரம் தயாரானது, எத்தனை விழுக்காடு சாம்பல் என்றெல்லாம் ஏற்கெனவே அச்சிடுகிறார்கள். பக்கத்தில் இன்னும் ஓர் எண்ணுக்கு இடமிருக்கிறது.