சாரதிப் பத்திரம் பரம்பரைச் சொத்தன்று

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றை நோக்கிச் செல்லும் ஏ-4 நெடுஞ்சாலை, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை என்று ஊர்களை ஊடறுத்துச் செல்கின்றது. பள்ளிவாசலுக்குச் செல்லும் முதியோரும், பாடசாலைப் பிள்ளைகளும், தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவரும், வயலுக்குப் புறப்படும் உழவு இயந்திரங்களும் இந்தப் பாதையையே நம்பியிருக்கின்றனர். இதே பாதையிலேதான் நம் இளைஞர் சிலர் மோட்டார் சைக்கிளை அம்பெனச் செலுத்துகின்றனர். பொலிசார் மறிக்கின்றனர், பத்திரம் பறிபோகின்றது. பின்னர் நடப்பது யாது? மகன் வீட்டுக்குப் போகின்றான். வாப்பா பிரமுகரைத் தேடிப் போகின்றார்.

அந்தப் பிரமுகர்களுள் நாமும் ஒருவர். “சின்னப் பொடியன், ஒரு சொல்லுச் சொல்லி எடுத்துத் தாங்க” என்று கேட்போருக்காக நாமும் சில வேளைகளில் தொலைபேசியைக் கையிலெடுத்ததுண்டு. அது பிழையென்பதை இன்று பகிரங்கமாகவே ஒப்புக்கொள்கின்றோம்.

சாரதி அனுமதிப்பத்திரம் என்பது யாது? 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ், தேர்ச்சியைச் சோதித்தறிந்து, நிபந்தனைகளுடன் வழங்கப்படும் அனுமதி அது. காணி உறுதியைப் போல் தகப்பனிடமிருந்து மகனுக்கு இறங்கும் உரிமையன்று. நிபந்தனையை மீறியவனிடமிருந்து அனுமதியைத் திரும்பப் பெறுதல் அவமானப்படுத்தலும் ஆகாது, பழிவாங்கலும் ஆகாது.

மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு செக்கனில் ஏறத்தாழ 17 மீற்றர் கடந்துவிடுகின்றது. வேகம் இரட்டித்தால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகின்றது. இருபது வயதினனின் கண்ணும் கையும் கூர்மையானவை என்பதற்காக இயற்கையின் இவ்விதி அவனுக்கு விலக்களிப்பதில்லை. அந்தி வேளையில் பின்விளக்கின்றி நெல் ஏற்றி வரும் இழுவைப் பெட்டியை அவன் காணும்போது காலம் கடந்துவிடுகின்றது. உலகெங்கும் 5 முதல் 29 வயது வரையிலானோரின் மரணத்துக்கு முதற் காரணம் வீதி விபத்தே என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. நோயன்று, போருமன்று, வீதி!

தண்டப்பணம் போதாதா என்று கேட்கலாம். அதனைச் செலுத்துபவர் யார்? நெல் விற்ற காசை எடுத்துக்கொண்டு தபால் அலுவலகத்துக்குச் செல்பவர் வாப்பா அல்லவா? குற்றம் புரிந்தவன் ஒருவன். தண்டனை பெறுபவன் மற்றொருவன். வேகத்துக்கு ஒரு விலை உண்டு, அதனைக் கொடுத்தால் தீர்ந்தது என்பதைத் தவிர அம்மகன் வேறெதனையும் கற்பதில்லை.

பிரித்தானியாவிலே 1995ஆம் ஆண்டு புதிய சாரதிகளுக்கென ஒரு சட்டம் இயற்றப்பட்டு, 1997 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்தது. முதன்முறை தேர்ச்சி பெற்ற இரண்டு ஆண்டுகளுக்குள் ஆறு குற்றப்புள்ளிகள் சேருமாயின் பத்திரம் இரத்தாகும். வேகக் குற்றத்துக்குக் குறைந்தது மூன்று புள்ளிகள். ஆகவே இரு முறை அகப்பட்டாலே போதும். பின்னர் அவன் பயிலுநனாகி, எழுத்துப் பரீட்சையிலும் ஓட்டப் பரீட்சையிலும் மீண்டும் தேற வேண்டும். செல்வந்தன் மகனுக்கும் அதே பரீட்சைதான்.

தமிழகத்தில் நிகழ்ந்ததையும் நோக்குவோம். சாகச ஓட்டத்தால் இணையத்தில் பெரும் புகழ் ஈட்டிய டி.டி.எஃப். வாசன் என்னும் இளைஞர், 2023 செப்டெம்பரில் காஞ்சிபுரம் மாவட்ட நெடுஞ்சாலையில் முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்ட முயன்று விழுந்தார். அவர் கைது செய்யப்பட்டார். அவரது ஓட்டுநர் உரிமமும் பத்து ஆண்டுகளுக்கு முடக்கப்பட்டது. ஊரறிந்த விபத்து நிகழ்ந்த பின் பத்து ஆண்டு பறிப்பதிலும், தொடக்கத்திலேயே சிறிது காலம் பறித்துத் திருத்திக் கொடுப்பது மேலல்லவா? அத்தகைய ஒழுங்கு நம் நாட்டிலும் பேச்சளவில் நில்லாது, செயலில் வர வேண்டும்.

எனினும், சட்டத்தின் பெயரால் எவருடைய சோற்றிலும் மண் விழலாகாது. உழவு இயந்திரமும் லொறியும் ஓட்டிக் குடும்பத்தைக் காக்கும் ஏழை வாலிபனுக்குப் பத்திரமே சீவனோபாயம். ஆகவே முதலில் எச்சரிக்கையும், அடுத்து மீள்பயிற்சியும், அதன் பின்னரே பறிப்பும் என்ற படிமுறை அவசியம். வேகம் கருவியால் அளக்கப்பட வேண்டும். நீதவான் முன்னிலையில் அவன் தன் பக்கத்தை எடுத்துரைக்க இடமிருக்க வேண்டும். அவன் கையில் கொடுக்கப்படும் குற்றப்பத்திரம் அவன் வாசிக்கக்கூடிய மொழியில் இருக்க வேண்டும். 1987இல் நிறைவேறிய 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அம்பாறை மாவட்டத்தின் வீதியோரத்திலும் அது உயிர்பெற வேண்டும். இவை நாம் அரசிடம் கேட்கும் உரிமைகள்.

உரிமை கேட்பவர் சலுகை கேட்கலாகாது. பிரமுகரை அறிந்தவன் பத்திரத்தை மீட்பதும், அறியாதவன் இழப்பதும் சட்டத்தின் ஆட்சி ஆகுமா? பெற்றோரே, மகனின் பத்திரம் பறிபோனால் சில மாதங்கள் அவன் பஸ்ஸில் போகட்டும். வரம்பில் நடந்து வயலுக்குப் போகட்டும். பத்திரம் திரும்பி வரும். பிள்ளை போனால் வருவானா?

அநீதி இழைக்கப்பட்டதென்று எவர் வந்தாலும், ஏழையாயினும் செல்வராயினும், நீதிமன்றில் அவருக்காக வழக்காடுவோம். ஆனால் இனித் தொலைபேசியில் சிபாரிசு செய்யமாட்டோம்.