ஜெனோஷாவின் நல்ல சனங்கள்

மகனின் அலுமாரியில் கிடந்த பழைய எக்ஸ்-மென் கொமிக்ஸ் ஒன்றைப் போன கிழமை எடுத்து வாசித்தேன். 1988இல் வந்த கதை. ஆபிரிக்காவின் கிழக்குக் கரைக்கு அப்பால் ஜெனோஷா என்றொரு கற்பனைத் தீவு. செல்வம் கொழிக்கிற நாடு. எப்படி? விசேட சக்தியோடு பிறக்கிற 'மியூட்டன்ட்' ஆட்களைப் பிடித்து, பெயரைப் பறித்து, இலக்கம் கொடுத்து, வேலைக்கு ஏற்றபடி உடலையே மாற்றி அடிமைகளாக வைத்திருக்கிறார்கள். தென்னாபிரிக்காவில் நிறவெறி ஆட்சி நடந்த காலம் அது. எழுதிய கிறிஸ் கிளேர்மொன்ட் எதைச் சொல்கிறார் என்று விளங்காமல் போகாது.

எனக்கு உறுத்தினது வேறு. அங்குள்ள சனம் கொடுமைக்காரர் இல்லை. ஃபிலிப் என்ற பொடியன், அந்த அடிமைகளை உருவாக்குகிற விஞ்ஞானியின் மகன், நல்லவன்தான். ஆனால் தான் கட்டப்போற ஜென்னியையே அரசு பிடித்துக்கொண்டு போன பிறகுதான் அவனுக்குக் கண் திறக்குது.

நாங்கள் அடையாள அட்டையை நீட்டி, பெயர் சொல்லவே பயந்து வாழ்ந்த சனம். எங்களுக்குக் கண் எப்பவோ திறந்திருக்க வேணும். ஆனால் விருந்து வீடுகளில் என்ன கதைக்கிறோம்? "இப்ப வாற அகதிகள் எல்லாம் காசுக்கு வாறவங்கள்." எங்களையும் இப்படித்தானே சொன்னார்கள்! அந்தக் கதைக்கு நானும் தலையாட்டியிருக்கிறேன்.

அடுத்த முறை ஆராவது தொடங்கினால், "நாங்களும் அப்பிடித்தான் வந்தனாங்கள்" என்று சொல்லப்போகிறேன். நீங்களும் சொல்லிப் பாருங்கோ. பிள்ளைகள் கேட்டுக்கொண்டுதான் இருக்கினம்.